தியாகராய நகர்: குடியிருப்பும் கடைத்தெருவும்

கேள்வி: குடியிருப்புத் தெருக்களில் வணிக வளாகங்கள் பெருகுவதைப் பகுதிவாசிகள் எதிர்ப்பது நியாயமா?

பதில்: நியாயமே. 1920களில் குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிடப்பட்ட சென்னை தியாகராய நகர், இன்று துணிக்கும் நகைக்கும் தமிழகமெங்கும் அறியப்பட்ட சந்தையாகிவிட்டது. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு எழலாம் என்னும் விகிதம், கட்டடத்தின் பருமனை அளக்கிறதேயன்றி அங்கு வந்துபோகும் கூட்டத்தை அளப்பதில்லை. ஒரே பரப்புள்ள அடுக்குமாடி வீடுகளும் துணிக்கடையும் தெருவின்மீது ஏற்றும் சுமை ஒன்றல்ல. இதனோடு, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று ஏற்கும் வரன்முறைப்படுத்தல், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 113-அ பிரிவின் வழியே இடம்பெற்றதால், விதியைக் காத்தவர்களே ஏமாந்தவர்கள் ஆயினர். 2017 மே மாதத் தீவிபத்தில் உஸ்மான் சாலையின் பல மாடித் துணிக்கடை ஒன்று எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டதை நினைத்தால், இது வெறும் வசதிக் குறைவு பற்றிய சச்சரவு அன்று என்பது புலப்படும்.

2019இல் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகமும், 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தைப் பேருந்து நிலையத்துடன் இணைத்த ஆகாய நடைபாதையும் நடப்போருக்குப் பெரும் நன்மை. எனினும் வாகனம் நிறுத்துமிடம் போதாதபோது வண்டிகள் உட்தெருக்களுக்கே ஒதுங்கும் என்பதால், புதிய வளாகத்துக்கு அனுமதி தருமுன் அதன் போக்குவரத்துத் தாக்க மதிப்பீட்டைப் பகுதிவாசிகளின் பார்வைக்கு வைப்பதே முதலில் செய்யத்தக்கது.