மின்னேற்ற வழியில்லாத வீட்டுக்கு பிளக்-இன் ஹைபிரிட்

கேள்வி: தோட்டத்துக் குவாட்டர்ஸில் இருக்கிறேன். வீட்டில் காரைச் சார்ஜ் செய்ய வழியில்லை. பழைய மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? — வாசகர், ஹட்டன்

பதில்: தாராளமாக வாங்கலாம், அன்பரே, ஆனால் விலை அதே தரத்துச் சாதாரண ஹைபிரிட்டை மிஞ்சக்கூடாது. ஏனெனில், 2013-இல் வெளிவந்த அம்மாதிரியின் 12 கிலோவாட் மணிப் பற்றரியைச் சுவரிலிருந்து நிரப்பாதவர், அதன் பாரத்தையும் பெற்றோலிலேயே சுமக்கிறார். வாங்குமுன் பற்றரியின் ஆரோக்கியத்தைக் கருவி வைத்துச் சோதிப்பது அவசியம்.

எனினும் மலைநாட்டவருக்கு இயற்கையே ஓர் அனுகூலம் செய்திருக்கிறது. ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள அவ்வாகனம், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகையில், புவியீர்ப்பு சுமார் 5 கிலோவாட் மணி சக்தியை விடுவிக்கிறது. அதையெல்லாம் பிரேக்கில் வெப்பமாக விரயமாக்காமல், ஸ்டியரிங்கின் பின்னுள்ள துடுப்பைத் தட்டி ‘பி5’ நிலையில் நிதானமாக இறங்கினால், அதில் ஒரு பங்கு பற்றரிக்கே திரும்பும். ஆகையால் இறக்கத்துக்குப் புறப்படுமுன் பற்றரியில் இடம் இருக்கட்டும். காரை நிறுத்திவைத்து, ‘சார்ஜ்’ பொத்தானை அமுக்கி எஞ்சினால் நிரப்புவது வீண் நஷ்டம்.

குவாட்டர்ஸின் பழைய வயரில் எக்ஸ்டென்ஷன் இழுத்து ஏற்ற மட்டும் முயலாதீர்கள். மணிக்கணக்கில் பாயும் மின்சாரம் வயரைச் சூடாக்கித் தீயில் முடியலாம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ எர்த்தும் பிரேக்கரும் உள்ள தனிப் பிளக் ஒன்றை, மின்கட்டணத்தை நீங்களே செலுத்துவதாகக் கூறிக் கேளுங்கள். ஓர் இரவில் பற்றரி நிரம்பிவிடும்.