சுங்க மாளிகையில் ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மெல்பர்னில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது, பேரனைத் தூங்கவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மருமகன் ஞாயிறன்று கடற்கரை காட்டுகிறார், ஊருக்குள் பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு குத்தல்: 'இருநூறு வருஷம் ஆகாத ஊரில் மியூசியம் ஒரு கேடா?' தஞ்சாவூர்க்காரருக்கு ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்ததெல்லாம் புதுக் கட்டடம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இருநூறு வருஷக் கணக்கு 1835-இல் வந்து கூடாரம் போட்ட வெள்ளையர்களின் கணக்கு. அந்த ஊரின் யாரா ஆற்றங்கரையில் ஊருண்டிரி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார்கள். கார்ல்டன் தோட்டத்திலுள்ள மெல்பர்ன் மியூசியத்தில் பஞ்சிலாக்கா என்ற பகுதி அவர்களுடையது. முதலில் அங்கே போய்விடுங்கள். உலகைப் படைத்த பஞ்சில் என்னும் கழுகின் கதையைக் கேளுங்கள். பாஸம் என்ற மரவிலங்கின் தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வையின் உட்புறத்தில் கோடு கோடாகக் கீறி வைத்திருப்பார்கள். போர்த்திக்கொள்பவரின் குலமும் நிலமும் அதில் எழுதியிருக்கும். அவசரப்பட்டால் வெறும் தோலாகத்தான் தெரியும்.

அதே மியூசியத்தில் கூட்டம் மொய்ப்பது ஒரு குதிரையின் முன்னால். ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரை, 1932-இல் அமெரிக்காவில் இறந்துபோனது. பாடம் செய்த தோல் இங்கே, எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனில், இதயம் கான்பராவில். தாட்சாயணியின் உடல் விழுந்த இடமெல்லாம் சக்தி பீடமான மாதிரி இவர்கள் ஒரு குதிரைக்கு மூன்று பீடம் வைத்திருக்கிறார்கள். சிரிக்காமல் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர்கள் பக்தர்கள்.

நான் உங்களை அனுப்ப நினைத்தது இதற்காக அல்ல. மியூசியத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே குவிமாடத்தோடு ஒரு பெரிய கட்டடம். ராயல் எக்ஸிபிஷன் பில்டிங். 1880-இல் ஒரு சர்வதேசக் கண்காட்சிக்காகக் கட்டியது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அழகு இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அதன் பிழைப்பு. பொருட்காட்சி நடந்திருக்கிறது, 1919-இன் விஷக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியாக இருந்திருக்கிறது, பல்கலைக்கழகப் பரீட்சையும் அங்கே நடந்திருக்கிறது. உங்கள் மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்களே, கேட்டுப் பாருங்கள். அந்தக் குவிமாடத்தின் கீழே உட்கார்ந்து நகம் கடித்திருக்கக்கூடும்.

பரீட்சை என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1901 மே 9 அன்று ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றத்தை இந்தக் கூடத்தில்தான் திறந்துவைத்தார்கள். திறந்தவர் பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர். விழா இங்கே, அன்றாட வேலையோ நடந்து போகிற தூரத்தில் ஸ்பிரிங் தெருவின் மாநில நாடாளுமன்றக் கட்டடத்தில். 1927-இல் கான்பராவுக்குக் குடிபோகும்வரை அதுதான் ஏற்பாடு. அங்கே உட்கார்ந்து அந்த வருடமே நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவரை நிறுத்துவதுதான் நோக்கம். ஆனால் நிறத்தைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. இந்தியர்களும் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள், நிறம் சொல்லி நிறுத்தினால் லண்டனுக்குத் தர்மசங்கடம், ஜப்பானுக்கும் கோபம். ஆகவே டிக்டேஷன் வைத்தார்கள். நம் பள்ளிக்கூடத்துச் 'சொல்வதை எழுதுதல்'தான். ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல் அளவுக்கு ஒரு பத்தியை அதிகாரி வாசிப்பார், வந்து இறங்கியவர் எழுதவேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவனா, பிரெஞ்சில் வாசி. 1909-க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. சட்டத்திலிருந்து அந்தப் பரீட்சை போனது 1958-இல்தான்.

இதில் ஒரு கூத்து நடந்தது. எகான் கிஷ் என்ற பிராக் நகரத்து எழுத்தாளர் ஹிட்லருக்கு எதிராகப் பேசுவதற்காக 1934-இல் கப்பலில் வந்தார். இறங்க விடவில்லை. மெல்பர்ன் துறையில் கப்பல் தட்டிலிருந்து கரைக்குக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். தூக்கிக் கப்பலிலேயே போட்டார்கள். மனிதருக்குப் பல மொழிகள் தெரியும். எனவே சிட்னியில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் டிக்டேஷன் கொடுத்துத் தோற்கடித்தார்கள். வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போனது. கேலிக், இந்தச் சட்டம் சொல்கிற ஐரோப்பிய மொழி ஆகாது என்று தீர்ப்பு வர, கிஷ் தப்பித்தார். ஸ்காட்லாந்து வம்சத்தார் கொதித்துப்போய்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள்.

அந்த டிக்டேஷனை நடத்தியவர்கள் சுங்கத்துறை அதிகாரிகள். மெல்பர்னின் பழைய சுங்க மாளிகை ஃபிலிண்டர்ஸ் தெருவில் இருக்கிறது. சீனர்கள் தங்கம் தேடி வந்த காலத்தில், 1855-இல், தலைக்குப் பத்து பவுன் வரி போட்டதும், வரிக்குப் பயந்து அவர்கள் பக்கத்து மாகாணத்தில் இறங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வந்ததும் இந்தத் துறைமுகத்தின் கதைதான். 1998-இல் அந்த மாளிகையைக் குடிவரவு மியூசியமாக மாற்றிவிட்டார்கள். கெட்டிக்கார யோசனை. கதவைச் சாத்திய கைக்கே, யார் யார் வந்தார்கள் என்று சொல்லும் வேலை. கப்பல் தலைவர்களும் வணிகர்களும் கணக்கு ஒப்படைத்த நீளக்கூடம் உயரமான தூண்களோடு அப்படியே நிற்கிறது.

உங்களுக்காகவே ஓர் அறை உண்டு. நேர்காணல் அறை. நீங்கள் அதிகாரியின் இடத்தில் உட்காருவீர்கள். எதிரே திரையில் விண்ணப்பதாரர் வருவார். எந்தக் காலம், அன்றைய விதி என்ன என்று சொல்லிவிடுவார்கள். பதில்களைக் கேட்டுவிட்டு உள்ளே விடலாமா என்று நீங்கள் முடிவு செய்யவேண்டும். நான் உட்கார்ந்தபோது விதி தெளிவாக இருந்தது, தள்ளிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண், 'அவர் பாவம்' என்று ஆங்கிலத்தில் என்னைப் பார்த்துச் சொன்னாள். வெளியே வந்து வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். விசாவுக்காக வங்கிக் கணக்கும் சொத்துப் பத்திரமும் சேர்த்து அனுப்பிவிட்டு மூன்று வாரம் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், தள்ளுவதற்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது வருஷம் மனு வாங்கிக் குறிப்பெழுதிய தாசில்தார் நீங்கள். என்னைவிட வேகமாக இருப்பீர்களோ, நிதானமாக இருப்பீர்களோ தெரியவில்லை.

மற்றவை போகிற போக்கில். மாநில நூலகத்துக்குக் கட்டணமில்லை. எண்கோண வடிவ வாசிப்புக் கூடம் 1913-இல் திறந்தது, மேல்மாடத்திலிருந்து குனிந்து பாருங்கள். நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் போட்டுக்கொண்ட இரும்புக் கவசம் அங்கேதான் இருக்கிறது. அவனைத் தூக்கிலிட்ட சிறையையும் காட்டுவார்கள், எனக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. செயின்ட் கில்டா சாலையின் ஓவியக் கூடத்தில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. உள்ளே பெரிய மண்டபத்தில் கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி, ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார்கள். நீங்களும் வெட்கப்படாமல் படுங்கள்.

நகர மையத்துக்குள் டிராம் இலவசம். எல்லை தாண்டினால் மைக்கி என்ற பயணக் கார்டு வேண்டும், மகளிடம் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலைப் பார்த்து ஏமாந்து ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். காலையில் குவிமாடம், மத்தியானம் சுங்க மாளிகை, அவ்வளவு போதும். வார நாளில் போனால் அந்த நாற்காலி காலியாக இருக்கும்.

உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள், யாரை உள்ளே விட்டீர்கள் என்று.

அன்புடன்.