ஸ்லாபுக்கு மேலே யாருடைய இடம்?

கேள்வி: மும்பை ஆண்டாப் ஹில்லில் மகாடா (மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம்) கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில், கடைசி மாடியில் எங்கள் ரூம். என் கணவர் 2003-ல் வாங்கியது. நிலம் மகாடாவிடமிருந்து சொசைட்டிக்குக் குத்தகை. 2005 ஜூலை 26 பெருமழைக்குப் பிறகு மொட்டைமாடி ஒழுகியதால் சொசைட்டி பத்ரா (தகரக்) கூரை போட்டது. 2007-ல் ஹாலில் ஸ்லாபை வெட்டி ஏணி வைத்து, பத்ராவுக்குக் கீழே பிளைவுட் அடித்து 180 சதுர அடி லாஃப்ட் செய்தோம். அன்றைய செக்ரட்டரி 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு லெட்டர்ஹெட்டில் அனுமதி எழுதித் தந்தார். மகன்கள் இருவரும் மேலேதான் படுக்கிறார்கள். கணவர் 2019-ல் காலமானார். இப்போது ரீடெவலப்மென்ட் வருகிறது. 15 நாளில் லாஃப்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். 18 வருட அனுபோகத்துக்கு உரிமை கிடையாதா? அந்த 180 அடியையும் புது வீட்டில் சேர்த்துக் கேட்கலாமா? லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகன், அங்கே லாஃப்ட் மேல்மாடிக்காரருக்கே சொந்தம் என்கிறான்.

— வாசகி, ஆண்டாப் ஹில்

பதில்: அம்மா, உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கும் வரி ஒன்றுதான். கணவர் வாங்கிய பத்திரத்தில் ‘225 சதுர அடி கார்பெட், மூன்றாவது மாடி’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள இடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உங்கள் உரிமை உங்கள் தலைக்கு மேல் உள்ள ஸ்லாபின் அடிப்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்லாபும் அதற்கு மேலே உள்ளதும் சொசைட்டியின் பொது இடம். மேலே போக உங்கள் ஹாலிலிருந்துதான் ஏணி என்பதால் அந்த இடம் உங்களுடையது ஆகிவிடாது. அந்த வழியையும் வெட்டியவர்கள் நீங்கள்தானே.

அண்ணன் மகன் சொல்வது பாதி உண்மை. லண்டனில் 1990-ல் டேவிஸ் எதிர் யாதகர் என்றொரு வழக்கு. மேல்மாடிக் குத்தகைதாரர் கூரையில் ஜன்னல் வைத்தார். நிலச் சொந்தக்காரர் தடுக்கப் பார்த்தார். அப்பீல் கோர்ட் குத்தகைதாரர் பக்கம் நின்றது. காரணம், அவருடைய குத்தகைப் பத்திரத்திலேயே கூரையும் கூரையடி இடமும் எழுதப்பட்டிருந்தன. அங்கேயும் பத்திரம்தான் பேசியது. இன்னொரு வித்தியாசம், அங்கே குத்தகைதாரர் ஃபிளாட்காரரே. இங்கே மகாடாவின் குத்தகைதாரர் சொசைட்டி; நீங்கள் சொசைட்டியின் வழியாக இருப்பவர். சொசைட்டிக்கே நிலச் சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்ப 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் 108-ம் பிரிவு இடம் தருவதில்லை. தன்னிடம் இல்லாத அதிகாரத்தைச் சொசைட்டி உங்களுக்கு எப்படிக் கொடுக்கும்?

செக்ரட்டரி கடிதத்துக்கு வருகிறேன். பொதுக்குழுத் தீர்மானம் இல்லை, மகாடா சம்மதம் இல்லை, மாநகராட்சி அனுமதி இல்லை. 60,000 ரூபாய்க்கு ரசீதாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. தஹிசரில் நஹல்சந்த் லாலூசந்த் என்ற பில்டர் கட்டடத்துக்கு அடியில் இருந்த பார்க்கிங்கைத் தனியாக விற்கப் பார்த்த வழக்கில், பொது இடத்தைத் துண்டு போட்டு விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31 அன்று சொல்லிவிட்டது. அது பில்டர் கட்டி விற்ற கட்டடங்களுக்கான 1963-ம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. மகாடா கட்டடத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பில்டராலேயே முடியாததை ஒரு செக்ரட்டரி லெட்டர்ஹெட்டில் செய்துவிட முடியுமா என்று எந்த நீதிபதியும் கேட்பார்.

18 வருட அனுபோகம் என்கிறீர்கள். எதிரிடை அனுபோகத்துக்கு 12 வருடம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உரிமையாளருக்கு எதிராக, அவர் சம்மதமில்லாமல் இருந்தால்தான் அது எதிரிடை. நீங்களோ அனுமதிக் கடிதத்தைக் காட்டுகிறீர்கள். அனுமதி வாங்கி இருந்தேன் என்று ஒரு பக்கமும், அனுமதியின்றி எதிர்த்து இருந்தேன் என்று மறுபக்கமும் ஒரே மனுவில் சொன்னால் இரண்டும் போகும்.

மாநகராட்சிப் பக்கமும் பாருங்கள். மும்பையில் குடியிருப்புக் கட்டுமானம் 1964 ஏப்ரல் 17-க்கு முன்பே இருந்ததாக நிரூபித்தால் அதைச் சகித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. உங்களுடையது 2007. யாராவது ஒருவர் புகார் எழுதினால் போதும், மாட்டுங்காவில் உள்ள எஃப் நார்த் வார்டு ஆபீஸிலிருந்து மாநகராட்சிச் சட்டம் 351-ன் கீழ் நோட்டீஸ் வரலாம்.

இனிக் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் நாலாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். 2016 ஆகஸ்டில் நடந்த பொதுக்கூட்டத்திலேயே லாஃப்டை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், நகலும் வந்தது, ‘அவர் பீரோவில் வைத்துவிட்டார்’ என்று. அந்தத் தீர்மானத்தை எதிர்க்க நினைத்திருந்தால் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 91-ம் பிரிவின்படி கூட்டுறவு நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு 92-ம் பிரிவு கொடுக்கும் கெடு ஆறு வருடம். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்த 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைச் சேர்த்துக் கூட்டினாலும் 2024-லேயே கெடு முடிந்துவிட்டது. போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கணவரின் நோய், மரணம் இவற்றைச் சொல்லலாம். மருத்துவக் காகிதங்கள் வேண்டும். பீரோவில் இருந்தது என்பது காரணம் ஆகாது.

அதைவிடப் பெரிய கோளாறு, ஷேர் சர்ட்டிஃபிகேட் இன்னும் கணவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் போய் இத்தனை வருடம் ஆகிறது! மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறேனே என்கிறீர்கள். கட்டலாம், சொசைட்டிப் பதிவேட்டில் நீங்கள் உறுப்பினர் இல்லை. ரீடெவலப்மென்ட் கூட்டத்தில் உங்கள் கைக்கு ஓட்டு இல்லை. 180 அடி லாஃப்டுக்காக ஆறு பக்கம் எழுதினீர்கள். கையில் இருக்கிற 225 அடியின் பெயர் மாற்றத்துக்கு ஒரு மனு எழுதவில்லையே. இறப்புச் சான்று, நாமினேஷன் இருந்தால் அதன் நகல், மகன்களின் ஒப்புதலோடு அந்த மனுவை முதலில் கொடுங்கள். நாமினேஷன் இல்லையென்றால் வேலை கூடும். அதை வக்கீலிடம் பேசுங்கள்.

புது வீட்டில் லாஃப்டைச் சேர்த்துக் கேட்பது பற்றி: மகாடா கட்டடங்கள் 2034 வளர்ச்சி விதிகளின் 33(5)-ன் கீழ் வரும். அங்கே கணக்கு, அனுமதி பெற்ற கார்பெட் ஏரியாவை வைத்து. பத்ராவுக்குக் கீழே இருப்பது அந்தக் கணக்கில் வராது. பில்டரின் ஆள் ‘பார்த்துக்கலாம் ஆன்ட்டி’ என்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயரில் பதிவு செய்யப்படும் ஒப்பந்தத்தில் எத்தனை அடி என்று இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லையா? உண்டு. ஸ்லாபுக்குக் கீழே, உங்கள் ரூமுக்குள் லாஃப்ட் வைத்துக்கொள்ளலாம். சமையலறை அல்லது அறைப் பரப்பில் கால் பங்குக்கு மிகாமல், லாஃப்டின் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், அடியில் 2.2 மீட்டர் தலைக்கு இடம் விட்டு. சாமான் வைக்க மட்டும். ஆள் படுக்க அல்ல. வேலை தொடங்கும் முன் கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்வது சொசைட்டியின் செலவு என்று மாதிரி துணைவிதிகள் சொல்கின்றன. அதற்காக நீங்கள் கைக்காசு போட்டிருந்தால், பில் இருந்தால், கேட்கலாம். அந்த 60,000 ரூபாயைத் திரும்பக் கேட்க முடியுமா என்பதற்குக் காகிதத்தைப் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன்.

மகன்களை இன்றே கீழே படுக்கச் சொல்லுங்கள். முப்பது வருடம் தாண்டிய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். கம்பி வெட்டிய ஸ்லாப் ஒன்று அந்த ரிப்போர்ட்டில் ஏறினால் கேள்வி உரிமையோடு நிற்காது, பொறுப்பு யாருடையது என்று போகும். வெட்டிய இடத்தை நீங்களாக கொத்தனாரை வைத்து மூடாதீர்கள். சொசைட்டியின் இன்ஜினியர் பார்த்து எழுதித் தரட்டும்.

நோட்டீஸுக்கு பதில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். ‘பதில் தரக் கால அவகாசம் தேவை’ என்று இரண்டு வரி எழுதி, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வேறு எதையும் ஒப்புக்கொண்டோ மறுத்தோ எழுத வேண்டாம். இந்தப் பகுதியில் நான் சொல்வது நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து. ஒரு காகிதத்தையும் நான் பார்க்கவில்லை. கூட்டுறவு வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். 2003 பத்திரம், அதன் பதிவுச் சுருக்கமான இன்டெக்ஸ் டூ, ஷேர் சர்ட்டிஃபிகேட், 2016 தீர்மான நகல், இப்போதைய நோட்டீஸ், அது வந்த கவர் எல்லாம் வேண்டும். அனுமதி பெற்ற பிளான் சொசைட்டியில் இல்லையென்றால் பாந்திரா கிழக்கில் உள்ள மகாடா அலுவலகமான கிருஹ நிர்மாண் பவனில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். செக்ரட்டரி கடிதத்தின் ஒரிஜினல் தொலைந்து, மகன் போனில் எடுத்த படம்தான் இருக்கிறது என்கிறீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்திலும் அப்படிப்பட்ட படத்துக்குத் தனிச் சான்றிதழ் தேவை. பிரிண்ட் மட்டும் போதாது, படம் எடுத்த அந்த போனையும் கையோடு கொண்டு போங்கள். அதை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடவில்லையே?