பழைய படகைப் புதுக்குதல்

தமிழாசிரியன் ஒருவன் படகு திருத்துதல் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நன்னூற் சூத்திரமும் புணர்ச்சி விதியுமே என் வாயிற் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஆயினும் மலர்க்குழுவினர் மாணவர்க்குப் பயன்படுவதொரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது, அறியாமையோடு தொடங்கி, பிழைபடச் செய்து, பின்னர் வருந்தித் திருத்திக்கொண்ட இத்தொழிலே முதலில் நினைவுக்கு வந்தது.

படகு என் தாய்மாமனாருடையது. 18 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. எம்மூராகிய காரைநகரிலே வார்க்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், அம்மான் அதனைப் பழையதாகவே வாங்கித் தீவுகளுக்குச் சாமான் ஏற்றியிறக்கி வந்தார். பிள்ளைகள் கனடாவுக்குச் சென்றபின் படகு வளவுக்குள் வேம்பின் கீழே கிடந்தது. பன்னிரண்டு மாரி மழையும் அதன்மேற் பெய்தன.

கண்ணாடியிழைப் படகென்பது யாதெனச் சிறிது கூறுதல் வேண்டும். கண்ணாடியை உருக்கி மயிரினும் பன்மடங்கு நுண்ணிய இழையாக இழுத்து, அவ்விழையைப் பாய்போலப் பரப்பி, பொலியெசுத்தர் என்னும் பிசினால் ஊறச்செய்து அச்சிலே இறுகவிட்டால், வலிய ஓடு உண்டாகும். 1930களில் அமெரிக்காவில் இவ்விழையைத் தொழின்முறையில் ஆக்கத் தொடங்கினர். 1940களில் அதனாற் படகு வார்க்கும் முயற்சிகள் நிகழ்ந்தன. எம்மூருக்கு இக்கலை வந்தது 1960களின் பிற்கூற்றில். நோர்வே நாட்டாரின் துணையோடு சீநோர் நிறுவனம் காரைநகரில் அமைத்த படகு கட்டுந் தளம் வடபகுதிக் கடலோடிகள் பலருக்குப் படகளித்தது. அங்கே கைபழகிய தொழிலாளர் சிலர் இன்றும் ஊரில் உளர். அவருள் ஒருவரே பின்னர் எனக்கு ஆசிரியரானார்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். படகைக் கழுவி, கண்ணுக்குப்பட்ட வெடிப்புகளையெல்லாம் பூச்சுமாவால் அடைத்து, அரத்தாளால் உரைத்து, தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையும் நீலமுமாக வர்ணம் பூசி முடித்தேன். கண்டவரெல்லாம் மெச்சினர். எண்பது கடந்த அம்மான் பொல்லூன்றி வந்து பார்த்து, "மருமோன், ஆனியிலை நயினாதீவு அம்மாளின்ரை திருவிழாவுக்கு இதிலைதான் போறன்" என்றார். அச்சொல்லே என்னை அவசரப்படுத்தியது. 15 குதிரைவலு இயந்திரத்தைப் பின்பலகையில் மாட்டி, இடுப்பளவு நீரில், என் மகனை அணியத்தில் இருத்தி ஓட்டிப் பார்த்தேன். விசையைக் கூட்டியதும் இயந்திரம் பின்புறமாகச் சாய்ந்தது. "அப்பா, பலகை அசையுது!" என்று மகன் கூவினான். திரும்பிப் பார்த்தால், புதிய வர்ணத்தின்மீது இருமூலையிலும் இரண்டு கோடுகள் வெடித்திருந்தன. உடனே இயந்திரத்தை நிறுத்தினேன். ஆழ்கடலில் இது நேர்ந்திருந்தால் விளைவு என்னவென்பதை அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேற்கூறிய முதியவரை அழைத்து வந்தேன். அவர் வர்ணத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. மடியிலிருந்து பத்து ரூபா நாணயமொன்றை எடுத்துப் பின்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். "வாத்தியார், காதைக் கிட்டக் கொண்டுவாருங்கோ" என்றார். ஓரங்களில் 'டக் டக்' எனக் கணீரென்று கேட்ட ஒலி நடுப்பகுதியிற் 'பொத் பொத்' என்று அடங்கியது. உட்பக்கமாகக் கால் அங்குலத் துளையொன்று இட்டார். மரத்தூளுக்குப் பதிலாகக் கபில நிற நீர் வடிந்தது.

"இதைக் கடல் தின்னேல்லை, உங்கடை வளவு மழைதான் தின்றது" என்றார் அவர்.

இக்கூற்றின் உண்மையை மாணவர் நன்கு மனங்கொள்ளுதல் வேண்டும். இத்தகைய படகில் ஓடு மட்டுமே கண்ணாடியிழை. இயந்திரத்தின் பாரத்தைத் தாங்கும் பின்பலகைக்குள்ளே ஒட்டுப்பலகை பொதியப்பட்டிருக்கும். ஆணித்துளைகளைச் சரிவர அடைக்காவிடின் நீர் உட்புகும். இருபுறமும் ஓடு மூடியிருத்தலால் வெளியேற வழியின்றித் தங்கும். மரத்தை உளுக்கச்செய்யும் பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. மழைநீரோ அதற்கு அமுதம். ஆதலால் ஓயாது கடலோடிய படகினும், கரையிலே வானம் பார்த்துக் கிடந்த படகு விரைவில் உட்கெடும். அம்மான் பொருத்துக்களைக் கழற்றிய ஆறு துளைகள் திறந்தபடி இருந்தன. யான் அவற்றின்மீது மாவைத் தடவி, நீரை உள்ளேயே வைத்து முத்திரையிட்டுவிட்டேன்.

இனி, திருத்திய முறை. வெளியோட்டைத் தொடாது உட்புற ஓட்டை மட்டும் வெட்டியெடுத்தோம். உள்ளேயிருந்த பலகை ஊறிய தேயிலைச் சக்கைபோலக் கையோடு வந்தது. ஒரு கடகம் நிறைய அள்ளினேன். பின் பங்குனி வெயிலில் மூன்று வாரம் உலரவிட்டோம். இந்த மூன்று வாரமே தொடக்கக்காரனுக்கு மிகக் கடினமான வேலை, ஏனெனிற் செய்வதற்கு யாதுமில்லை. ஈரத்தின்மேல் இட்ட பிசின் பற்றாது.

புதுப்பலகைக்கு முக்கால் அங்குலக் கடற்றர ஒட்டுப்பலகை இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலம் ஆக்கினோம். அட்டையில் வரைந்து வெட்டிப் பொருத்திப் பார்த்த பின்னரே பலகையை வெட்டினோம். பலகையின் விளிம்பு நீரை மிக உறிஞ்சுமாதலால் அவ்விளிம்புக்கு மும்முறை பிசின் பூசல் வேண்டும். மூலைகளைச் செங்கோணமாக விடலாகாது. கண்ணாடியிழை கூர்மடிப்பில் அமராது எழும்பும், அடியிற் காற்றுத் தங்கும். தடித்த பிசிற்குழம்பால் மூலையை உருட்டிவிட்ட பின்பே இழைப்பாயை இட்டோம்.

பழைய ஓட்டோடு புதிய அடுக்கைச் சேர்க்குமிடத்தே என் தொழிலின் நினைவு எழுந்தது. இறுகிப்போன பொலியெசுத்தர் புதுப்பிசினோடு இரசாயன முறையிற் பெரிதும் கலவாது. உராய்ந்த பரப்பைப் புதுப்பிசின் பற்றிப்பிடித்தலே பிணைப்பு. ஆகவே இங்கே இயல்புப் புணர்ச்சி இல்லை. கெடுதல் இன்றிப் புணர்ச்சியே இல்லை! வர்ணம், மெழுகு, பழைய மினுக்கம் யாவும் கெடும்வரை தேய்த்தல் வேண்டும். சேரும் ஓரத்தை ஓட்டின் தடிப்பைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தல் முறை. கால் அங்குல ஓடாயின் மூன்று அங்குலச் சரிவு. யான் ஓரங்குலம் போதுமென்றேன். முதியவர் மறுமொழி கூறாது உரைபொறியை என் கையிலே திரும்பத் தந்தார்.

அடுத்தது பிசின். ஒரு கிலோகிராம் பிசினுக்கு, இறுகச்செய்யும் மருந்து 10 முதல் 20 கிராம் வரையே சேர்க்கப்படும். எமது வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். முதல்நாள் யான் கண்மதிப்பாக ஊற்றினேன். சில நிமிடத்திற் குவளை சுட்டது, புகைந்தது, தூரிகை உள்ளே நின்றபடி கல்லாயிற்று. இறுகும்போது பிசின் தானே வெப்பத்தை உண்டாக்கும். ஆழமான பாத்திரத்தில் அவ்வெப்பம் போக வழியின்றி மேலும் விரைவாக இறுகும். அதனாற் சிறுசிறு அளவாகக் கலந்து அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அடுக்குகளையும் ஒரேமுறையில் இரண்டு மூன்றுக்கு மேல் இடலாகாது. ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்தி, வெண்புள்ளியாகத் தெரியும் காற்றுக்குமிழைக் கலைத்தல் அவசியம்.

இத்தொழிலிற் புகும் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. அம்மருந்து கண்ணிற் பட்டாற் பார்வை போகும். கண்காப்பின்றிப் போத்தலைத் திறத்தலாகாது. பிசினை முடுக்குவதற்கெனக் கோபாற்று சேர்ந்த மருந்து வேறாக விற்கப்படுவதுண்டு. அவ்விரண்டையும் நேரே ஒன்றோடொன்று கலந்தாற் கடுமையாக வெடிக்கும். உரைக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குப் பகை; முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் வேண்டும். வேட்டியை மடித்துக்கட்டி வெறும் மேலோடு முதல்நாள் உரைத்த யான் மூன்றுநாள் வகுப்பிலே சொறிந்துகொண்டு நின்றதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் இன்னும் மறந்திலர்.

இயந்திரத்தைப் பற்றி விரிப்பதற்கில்லை. நீரிறைக்கும் இறப்பர்ச் சில்லு காய்ந்து முறிந்திருந்தது, அதனை மாற்றினோம். பற்சில்லுப் பெட்டியின் எண்ணெய் பால்நிறமாயிருந்தது நீர் புகுந்தமைக்கு அடையாளமாதலால் அடைப்புகளையும் மாற்றினோம். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமாயினும் பெற்றோலில் தொடக்கி, நிறுத்துமுன்னும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டுமென்பதை அம்மானே சொல்லித்தந்தார். தண்ணீர்ப் பீப்பாவில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தோம்.

இவை முடியுமுன்னே ஆனி பிறந்துவிட்டது. நயினாதீவிற் கொடியேறிய நாளன்று அம்மான் வெள்ளை வேட்டி உடுத்து வாயிலில் இருந்தார். "இன்னும் ஆகவில்லை, அம்மான்" என்றேன். கரையில் வர்ணம் மின்னப் படகு கிடக்கையில் அவ்வாறு கூறுதல் எளிதாயிருக்கவில்லை. அவர் எதுவும் பேசாது உள்ளே போனார். இரண்டுநாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வளவுக்கு அழைத்துச் சென்று அந்தக் கடகத்தைக் காட்டினேன். உளுத்த பலகையை ஒருபிடி அள்ளிப் பிசைந்து பார்த்தார். "இதிலையோ உன்ரை பெடியனை இருத்தி ஓட்டினனி?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணியில் ஒரு காலை, கடல் வற்றி அமைதியாயிருந்தபோது, படகை இறக்கினோம். ஏறுமுன் அம்மான் என்னிடம் நாணயமொன்று கேட்டு வாங்கி, நீரில் நின்றபடியே பின்பலகையை இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். வலமூலையில் ஓரிடத்தே நின்று காதைச் சாய்த்து இருமுறை தட்டினார். பின் நாணயத்தைத் தம் மடியிலேயே செருகிக்கொண்டு, கயிற்றை அவிழ்க்குமாறு என் மகனுக்குச் சொன்னார். ஊர்காவற்றுறைப் பக்கமாகக் கடற்கோட்டை வரை சென்று மீண்டோம். வடிகால் அடைப்பின் வழியே ஒரு சிரட்டையளவு நீர் புகுந்திருந்தது. மறுநாள் அதனை மாற்றினேன்.