பூனையின் சர்க்கரையும் இன்சுலின் அளவும்

கேள்வி: நீரிழிவுள்ள எங்கள் பூனைக்கு தினமும் ஒரே அளவு இன்சுலின்தான் போடுகிறோம். இரத்தச் சர்க்கரையோ ஒரு நாள் 130, மறுநாள் 380. மருந்தைக் கூட்டலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள். பூனை என்னும் பிராணி, பயந்த மாத்திரத்திலேயே இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும் சுபாவமுடையதாகையால், வைத்தியசாலை மேஜையின்மீது எடுத்த ஒற்றைக் கணக்கை நம்பி அளவை மாற்றுவது அபாயகரமானது. வீட்டிலேயே, செவிமடலை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, விளிம்போரம் ஓடும் மெல்லிய இரத்தக்குழாயருகே குத்தி, அரும்பும் சிறு துளியை, இன்சுலின் போடுமுன் தொடங்கி இரண்டு மணிக்கொரு முறை, அடுத்த ஊசிவரை 12 மணி நேரம் சோதித்துக் குறித்து, அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு நோயோ, சிறுநீர்த் தொற்றோ, ஸ்டீராய்டு மருந்தோ இன்சுலினின் வேலையைக் கெடுக்கக்கூடும். அவற்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள். புட்டியில் 40 யூனிட் என்றிருந்தால் சிரிஞ்சும் அதற்குரியதாகவே இருக்கவேண்டும். மாவுச்சத்துக் குறைந்த ஆகாரத்தாலும் முறையான சிகிச்சையாலும் சில பூனைகளுக்கு இன்சுலினே வேண்டாத நிலை வருவதுண்டு. அப்போது பழைய அளவே உயிருக்கு ஆபத்தாகும். உணவைத் தொடாத வேளையில் மருத்துவரைக் கேளாமல் ஊசி போடாதீர்கள். சர்க்கரை 60-க்குக் கீழிறங்கி, பூனை தள்ளாடினால், ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.