பவர் ஏத்தணும்னு கேட்டு டர்போ வண்டி வந்தால்

"வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க. கம்மி செலவுல பவர் ஏத்தித் தர முடியுங்களா?" டர்போ வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்டவுடன் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அவர் கேட்பது பெரும்பாலும் புதுப் பவர் அல்ல, வண்டியில் இருந்து காணாமல் போன பவர்.

முதலில் காற்று. டர்போவில் இருந்து இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்டு வரை போகும் ரப்பர் ஹோஸ்கள் சூட்டில் வெந்து, கிளாம்ப் ஓரத்தில் விரிசல் விடும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. பூஸ்ட் ஏறும்போதுதான் வாய் பிளக்கும். டார்ச் அடித்து ஹோஸின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் அங்கே சந்தேகப்படலாம். இன்ஜினை நிறுத்தி, டர்போ இன்லெட்டை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து அரை பார் அளவுக்குக் காற்று விட்டுச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். செலவு ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப்.

பெட்ரோல் வண்டியா? பிளக்கைக் கழற்றி இடைவெளியை அளந்து பாருங்கள். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக், பூஸ்டில் மிஸ்ஃபயர் அடிக்கும். விஜிடி டீசலா? டர்போவுக்குள் இருக்கும் வேன்களில் கரி இறுகியிருக்கலாம்.

இதெல்லாம் சரியான பிறகுதான் லேப்டாப்பில் இசியு ஃபைலை மாற்றி எழுதும் ரீமேப். போட்ட காசுக்கு அதிக பவர் கிடைப்பது அதில்தான், சந்தேகமில்லை. ஆனால் எதுவரை ஏற்றலாம் என்பதை இன்ஜின் மட்டும் முடிவு செய்வதில்லை. போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ கம்பெனியில் இருந்து வந்தபோது 105 பிஎஸ், 175 என்எம். அதன் டிக்யூ200 கியர்பாக்ஸ் தாங்குவதோ 250 என்எம். உள்ளே இருப்பது ட்ரை கிளட்ச். அந்த 250 என்எம்மைத் தாண்டி டார்க் கொடுக்கும் ஃபைலை எழுதினால் கிளட்ச் வழுக்கி, மிச்சம் பிடித்த காசெல்லாம் கியர்பாக்ஸுக்குப் போய்விடும்.

அடுத்து ஸ்விஃப்ட் டீசல்காரர் வருவார். "எர்டிகாவுல இதே 1.3 இன்ஜின் 90 பிஎஸ் தருதே, என் வண்டிக்கு மட்டும் ஏன் 75?" என்பார். எர்டிகாவில் இருப்பது விஜிடி டர்போ. ஸ்விஃப்டில் இருப்பது சின்ன ஃபிக்ஸட் டர்போ. அதை ரொம்ப விரட்டினால் கரும்புகைதான் மிச்சம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஃபைலை எழுதும் முன்னும் பின்னும் டேட்டா லாக் எடுங்கள். இசியு கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒத்துப்போகிறதா, நாக்கிங் காரணமாக டைமிங்கைப் பின்னால் இழுக்கிறதா, இன்டேக் சூடு எவ்வளவு? மத்தியான வெயிலில் சூடு தாறுமாறாக ஏறினால் அடுத்த செலவைப் பெரிய இன்டர்கூலரில் போடச் சொல்லுங்கள். ப்ளோ ஆஃப் வால்வ் மாட்டினால் பவர் ஏறாது, 'ப்ஸ்ஸ்' சத்தம்தான் கூடும், ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்ளட்டும்.

சட்டத்தையும் மறைக்காதீர்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. வாரன்டியும் கைவிட்டுப் போகலாம். இதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஹோஸ் மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தால் அன்றைய கூலி அந்தக் கட்டணம்தான்.