பாடும் குரலும் கேட்கும் செவியும்

கோல சிலாங்கூர் தொடங்கி சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வரை உள்ள வட்டாரத்தில் நன்றாகப் பாடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. செம்பனைத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் உள்ள கோயில்களே பலருக்கு முதல் மேடை. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்காகப் பயிற்சி பெறும்போதே பண், தாளம், உச்சரிப்பு ஆகிய மூன்றும் அவர்களுக்குப் பழகிவிடுகின்றன. இத்தகைய மாணவர் ஒருவர் அனைத்துலகப் பாடல் தேர்வுக்கு அமர விரும்பினால், குரலைப் பற்றி அவர் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. அவர் தயாராக வேண்டியது செவிக்குத்தான்.

மலேசியாவில் பலரும் அறிந்த இசைத் தேர்வுகளுள் ஒன்று, 1889-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியத்தின் தேர்வு. தேர்வாளரின் முன் நேரில் பாடும் இத்தேர்வுக்கு மொத்தம் 150 புள்ளிகள். தேர்ச்சி பெற 100 புள்ளிகள் வேண்டும். பியானோ இசையுடன் பாடும் மூன்று பாடல்களுக்குத் தலா 30 புள்ளிகள்; பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் நாட்டுப்புறப் பாடலுக்கு 21; இதுவரை பார்த்திராத இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடுவதற்கு 21; செவிப்புலச் சோதனைக்கு 18. பதினெட்டுதானே என்று கடைசி வாரம்வரை அதைத் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடி மனனம் செய்துவிடலாம். கேட்கும் திறனை ஒரு வாரத்தில் மனனம் செய்ய முடியாது.

முதல் நிலையில் இந்தச் சோதனை நான்கு பகுதிகளைக் கொண்டது. தேர்வாளர் பியானோவில் ஓர் இசைப்பகுதியை வாசிப்பார். மாணவர் அதன் தாளத்தோடு இணைந்து கைதட்டி, அது இரண்டு இரண்டாகச் செல்கிறதா மூன்று மூன்றாகச் செல்கிறதா எனக் கூற வேண்டும். அடுத்து, மூன்று சிறு இசைத்தொடர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, தாளம் நிற்காமல் உடனே திருப்பிப் பாட வேண்டும். மூன்றாம் பகுதியில் ஓர் இசைத்தொடர் இருமுறை ஒலிக்கும்; இரண்டாம் முறையில் ஒரு சிறு மாற்றம் இருக்கும். அது தொடக்கத்தில் வந்ததா, முடிவில் வந்ததா என்று கண்டறிய வேண்டும். இறுதியாக, கேட்ட இசை எங்கே உரத்தது, எங்கே தணிந்தது, சுரங்கள் இழைந்து சென்றனவா விட்டுவிட்டு ஒலித்தனவா என்பன போன்ற வினாக்கள் வரும்.

கர்நாடக இசை கற்றவருக்கு இவற்றுள் பாதி புதிதன்று. ஆசிரியர் சரளி வரிசையைப் பாட, மாணவர் திருப்பிப் பாடுவதும் இதே பயிற்சிதான். முதல் நிலையில் திருப்பிப் பாடும் தொடர்கள் ச, ரி, க என்னும் மூன்று சுரங்களுக்குள்ளேயே அடங்கும். ஆனால் சரளி வரிசை பெரும்பாலும் 15-ஆம் மேளகர்த்தாவான மாயாமாளவகௌளை இராகத்தில் கற்பிக்கப்படுகிறது. தேர்வில் வரும் மேலைநாட்டுப் பெருஞ்சுர வரிசையோ 29-ஆம் மேளகர்த்தாவான சங்கராபரணத்தை ஒத்தது. இரண்டிலும் ரிஷபம் வேறு. எனவே சரளி வரிசையைச் சங்கராபரணச் சுரங்களிலும் நாள்தோறும் பாடிப் பார்ப்பது நல்லது. அப்போது கமகம் சேர்க்கக் கூடாது. நம் இசைக்கு உயிர் தரும் அந்த அசைவு, பியானோ ஒலித்த நேர்ச்சுரத்தைத் திருப்பிப் பாடும்போது சுரத்தைத் தெளிவற்றதாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய இடையூறு ஒன்று உள்ளது. நம் பாடகர் தமக்கெனச் சுருதி ஒன்றை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அதிலேயே பாடுகிறார். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் செவியில் அந்த ஷட்ஜமம் ஊறிப்போயிருக்கும். தேர்வுப் பாடல்களைத் தம் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாட இங்கும் அனுமதி உண்டு. செவிப்புலச் சோதனையில் மட்டும் சுருதியைத் தேர்வாளரே தருவார். ஆதாரச் சுருதியையும் தொடக்கச் சுரத்தையும் கேட்ட அந்த நொடியிலேயே மாணவர் தம் ஷட்ஜமத்தை அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் பியானோ இல்லாவிட்டாலும் இதைப் பழகலாம். கைப்பேசியில் உள்ள சுருதிப் பெட்டிச் செயலியை ஒரு நாள் நான்கு கட்டையிலும், மறுநாள் ஐந்தரையிலும், அடுத்த நாள் மூன்றிலும் வைத்து, அதே மூன்று சுரங்களைப் பாடினால் போதும். தம்பியோ தங்கையோ ஒரு வரியைப் பாடட்டும். பிறகு ஓரிடத்தில் மட்டும் மாற்றிப் பாடட்டும். மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி வீட்டிலேயே விளையாட்டாக முடிந்துவிடும். இச்சோதனையில் குரலின் இனிமைக்குப் புள்ளி இல்லை. சுரமும் தாளமும் சரியாக இருந்தால் போதும். குரல் உடையும் பருவத்தில் இருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு இது ஆறுதலான செய்தி.

சுங்கை பெசார் மாணவருக்குப் பயிற்சியைத் தவிர வேறு கவலைகளும் உண்டு. கோலாலம்பூருக்குச் செல்ல ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நேர்முகத் தேர்வில் பியானோவை ஒருவர் உடனிருந்து வாசிக்க வேண்டும். பதிவு செய்த இசையை ஒலிக்கவிட அனுமதி இல்லை, தேர்வாளரும் பாடல்களுக்கு வாசிக்கமாட்டார். கட்டணம், போக்குவரத்துச் செலவு, பியானோ வாசிப்பவருக்கான ஊதியம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் பெற்றோர் தயங்குவது இயல்பே. 2020-ஆம் ஆண்டு அறிமுகமான காணொளிவழித் தேர்வு இத்தயக்கத்தை ஓரளவு போக்கியது. நான்கு பாடல்களைத் தொடர்ந்து பாடிப் பதிவு செய்து அனுப்பலாம், பயணம் மிச்சம். அதில் செவிப்புலச் சோதனை கிடையாது. சான்றிதழ் மட்டும் வேண்டுவோருக்கு அது எளிய வழி. எனினும், பாட்டை மேலும் கற்க விரும்புபவர் அவ்வழியில் சென்றாலும் செவிப்பயிற்சியைக் கைவிடாதிருப்பதே நல்லது.

பக்கவாத்தியம் இல்லாத பாடல்தான் இதற்குக் காரணம். தம்பூராவின் துணையோடு பாடிப் பழகியவர், துணை இல்லாதபோது தம்மை அறியாமலே சிறிது சிறிதாகச் சுருதி இறங்கிவிடுவார். பாடுகிறவருக்கு அது தெரியாது, கேட்பவருக்குத் தெரியும். இதைச் சோதிக்க, சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு ஷட்ஜமத்தைப் பிடித்தபின் அதை நிறுத்திவிட வேண்டும். பாடல் முழுவதையும் பாடி, கடைசிச் சுரத்தை நீட்டிக்கொண்டே பெட்டியை மீண்டும் இயக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலிக்கவில்லையெனில், எந்த வரியில் குரல் இறங்கியது என்று வரிவரியாக நிறுத்திப் பார்க்கலாம். பெரும்பாலும் மூச்சு குறையும் நீண்ட வரியின் முடிவிலோ, மேலேறிய குரல் கீழிறங்கும் இடத்திலோதான் அது நிகழ்ந்திருக்கும்.